குழந்தையின் கேள்வியும் பெற்றோரின் மௌனமும்

காலநிலை மாற்றம் பற்றிச் சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் பேசலாகாது, பேசினால் பிஞ்சு உள்ளங்கள் அஞ்சும் என்பாருளர். கேட்பதற்கு இது கருணை போலத் தோன்றும். ஆனால், எந்தப் பிள்ளைகளை மனத்திற் கொண்டு பிறந்த கருணை இது?

கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, தொடர்மழையில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள் சிலருக்குத் திரும்பி வர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தை மறுபடியும் சிதைத்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இப்பிள்ளைகளுக்கு அச்சத்தை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அச்சம் அவர்களிடம் ஏலவே உண்டு, விளக்கந்தான் இல்லை.

விளக்கம் அவர்களுக்கு எட்டாதது என்பதும் பொய். நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் காபனீரொட்சைட்டு பூமிக்குப் போர்வை போல் அமைகிறது. போர்வை தடித்தால் உடல் வேகும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது போதும். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர்ப் பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த அவ்வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது என்பதையும், வெப்பம் ஒரு பாகை ஏறினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும், அதனாலேயே மழை கொட்டித் தீர்க்கிறது என்பதையும் மூத்த பிள்ளை அறிந்துகொள்ளும். ஓசோன் துவாரத்தையும் இதனையும் ஒன்றாகக் குழப்புவோர் பிள்ளைகள் மட்டுமல்லர். பட்டம் பெற்ற பெற்றோரும் அப்படியே.

விளங்கிய பிள்ளை அடுத்து வினவுவது, "யார் எரித்தது?" என்பதே. இங்கேதான் பெரியோர் தடுமாறுகின்றனர். ஒருவர் தெய்வகோபம் என்கிறார். படித்தவரோ, "நாம் எல்லோருந்தான், விளக்கை அணை, மரம் நடு" என்கிறார். முன்னதிலும் பின்னது நயவஞ்சகமானது. 'காபன் அடிச்சுவடு' என்ற தொடரை 2000க்குப் பின்வந்த ஆண்டுகளில் விளம்பரஞ் செய்து உலகெங்கும் பரப்பியது பி.பி. என்னும் எண்ணெய்க் கும்பனி என்பதை அவர் அறிவாரா? ஓர் இலங்கையர் ஆண்டுக்குச் சராசரி ஏறத்தாழ 1 தொன் காபனீரொட்சைட்டுக்குக் காரணராகிறார். ஓர் அமெரிக்கரோ ஏறத்தாழ 14 தொன்னுக்கு. ஒற்றை மின்குமிழின்கீழ்ப் படிக்கும் தோட்டத்துப் பிள்ளையைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது கல்வியா?

பழி முழுவதையும் வானத்தின்மேற் சுமத்துவதும் தகாது. மீரியபெத்தை ஆபத்தான இடமென 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. மழை வானத்திலிருந்து வந்தது; மக்களை அச்சரிவிலேயே வைத்திருந்தது வானமன்று. இதனையும் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும்.

யார் சொல்வது? காலையிற் கொழுந்து பறிக்கச் சென்று மாலையில் ஓய்ந்து திரும்பும் தாயைப் பார்த்து, "பெற்றோர் கடமை தவறினர்" என்று விரல் நீட்டுதல் எளிது. அவளுக்கு ஓய்வும் தரப்படவில்லை, அறிவும் தரப்படவில்லை. ஆனால் எந்தக் கான் அடைபட்டது, எந்தப் பாறையடியில் வெடிப்புக் கண்டது என்பதை அவளே அறிவாள். அவ்வறிவோடு நம் பாடநூலறிவு சேரவேண்டும். நம் பெற்றோர் கூட்டங்களிலோ ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் புள்ளிகளைத் தவிர வேறு பேச்சில்லை. அடுத்த கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை ஆசிரியர்களாகிய நாம் கேட்டுப் பெறுவோம், பிள்ளைகளும் உடனிருக்கட்டும். புள்ளிகளைப் பற்றிப் பிறகு பேசலாம்.