ஒரு நாள் பொறுத்துப் பார்க்கச் சொல்லும் சட்டம் எங்கே இருக்கிறது?

பிள்ளையைக் காணோம் என்று ஸ்டேஷன் வாசலில் போய் நிற்கும் தாய்க்கு இன்றும் கிடைக்கும் பதில் இது: "சொந்தக்காரங்க வீட்ல தேடினீங்களா? ஒரு நாள் பார்த்துட்டு வாங்கம்மா." ஊரும் இதைத்தான் சொல்கிறது. ஓடிப்போன பிள்ளை தானே வந்துவிடும், வராவிட்டால் கணினியில் படத்தை ஏற்றிவிடலாம், அதற்கு மேல் அரசு என்ன செய்ய முடியும் என்கிறார்கள். இதில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை.

முதலில் அந்த ஒரு நாள். காத்திருக்கச் சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. இளைஞர் நீதிச் சட்டத்தில் 24 மணி நேரம் என்று வருவது, மீட்கப்பட்ட குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவருவதற்கான கெடு. தேடலைத் தள்ளிப்போட அதில் இடமில்லை. 'பச்பன் பச்சாவோ ஆந்தோலன்' என்ற குழந்தை உரிமை அமைப்பின் வழக்கில் 2013 மே 10 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. குழந்தை காணாமல் போனதாகப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்.) பதிய வேண்டும். கடத்தப்பட்டதாகவே கருதி விசாரணையைத் தொடங்க வேண்டும். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவது இதற்கு ஈடாகாது. இரவு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறிய சிறுவன், அந்த 'ஒரு நாள்' முடியும்போது போபாலைத் தாண்டியிருப்பான்.

"தானாகத்தானே போனான்" என்பது அடுத்த வாதம். பலர் தாமாகப் போவது உண்மைதான். பரீட்சை மதிப்பெண்ணுக்குப் பயந்தும், வீட்டு அடி தாங்காமலும் கிளம்புகிறார்கள். ஆனால் கிளம்பியது யார் விருப்பம் என்பதல்ல கேள்வி, பிளாட்பாரத்தில் இறங்கியதும் யார் கையில் சிக்கினான் என்பதுதான். மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வட மாநில முறுக்குக் கம்பெனிகளுக்குப் போய்ச் சிக்கிய சிறுவர்களும் வெளிப்பார்வைக்கு வேலைக்குப் போனவர்களே. நொய்டாவின் நிதாரியில் ஏழைப் பெற்றோர் மாறிமாறிப் புகார் கொடுத்தபோது, ஓடிப்போயிருப்பார்கள் என்று தட்டிக்கழித்தார்கள். 2006 டிசம்பரில் ஒரு வீட்டை ஒட்டிய சாக்கடையிலிருந்து பிள்ளைகளின் எலும்புகள் எடுக்கப்பட்டன. குற்றவாளி யார் என்பதில் நீதிமன்றங்கள் பின்னாளில் எடுத்த முடிவுகள் வேறு. அந்தப் பெற்றோரை முதல் நாளே நம்பியிருந்தால் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பதினாறு வயதுப் பெண் என்றால் "யாரோட போனா?" என்ற கேள்வியே வாசலை அடைத்துவிடுகிறது. மானத்துக்கு அஞ்சிப் புகாரைத் திரும்பப் பெறும் தகப்பன்கள் உண்டு. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரை ஆசைகாட்டி அழைத்துப் போயிருந்தால், பார்க்க வேண்டியது பாதுகாவலரின் சம்மதத்தை. பிள்ளையின் சம்மதத்தை அல்ல.

"இது எங்க ஸ்டேஷன் எல்லை இல்ல" என்று திருப்பி அனுப்புவதற்கு நீண்ட பதில் தேவையில்லை. எல்லை எதுவானாலும் எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம். 2024 ஜூலை 1 முதல் அது சட்டத்திலேயே இருக்கிறது.

கணினி பார்த்துக்கொள்ளும் என்கிற நம்பிக்கையைத்தான் பொறுமையாக மறுக்க வேண்டும். காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் இணையதளங்களாக டிராக்சைல்ட் வந்தது, 2015இல் கோயா-பாயா வந்தது, முகமறியும் மென்பொருளும் வந்துவிட்டது. இவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓர் ஊரில் காணாமல் போன பிள்ளையும் இன்னோர் ஊர் குழந்தைகள் இல்லத்தில் சேர்ந்த பிள்ளையும் ஒருவரே என்று தெரிய, இரண்டு முனையிலும் யாராவது சரியாகப் பதிந்திருக்க வேண்டும். ஐந்து வயதில் எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஒன்பது வயதுப் பிள்ளையைத் தேடுவது கடினம். வாய் பேசாத பிள்ளைக்கு இல்லத்தில் பெயரே மாறிப்போகிறது. காசியாபாத் போலீசின் முயற்சியைப் பார்த்து 2015 ஜனவரியில் நாடெங்கும் நடந்த 'ஆபரேஷன் ஸ்மைல்' என்ற தேடல் பலன் தந்ததற்குக் காரணம், போலீசார் இல்லங்களுக்கே போய்ப் பிள்ளைகளிடம் உட்கார்ந்து பேசியது. ஊர் பெயர் தெரியாத பிள்ளைக்கும் வீட்டெதிரே இருந்த கோயிலும் பள்ளிச் சீருடையின் நிறமும் நினைவிருக்கும். அதைக் கேட்டு வாங்க ஓர் ஆள் வேண்டும்.

குடும்பத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. கூலி வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி நோட்டீஸ் அடித்து, மொழி தெரியாத ஊர்களில் தகப்பன் அலைகிறான். நான்கு மாதத்தில் துப்பு கிடைக்காவிட்டால் வழக்கு ஆட்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதை அவனிடம் சொல்வார் இல்லை. ஸ்டேஷன்களில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர்கள் இருக்க வேண்டும் என்பதும் அந்த 2013 தீர்ப்பில் சொன்னதுதான்.

அந்தத் தாயிடம் நான் சொல்ல விரும்புவது: ரசீதோடு திரும்பாதீர்கள் அம்மா. எஃப்.ஐ.ஆர். நகல் கேளுங்கள், காசில்லாமல் தர வேண்டும். விசாரிக்கும் அதிகாரியின் பெயரையும் செல்பேசி எண்ணையும் எழுதி வாங்குங்கள். வாசலில் நின்றபடியே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள்.