மாரடைப்பு வந்தா ஊசி மேல பழியா? கொரோனா வார்டு சீட்டை தேடி எடுங்க!

மதுரை:

மதுரையில் 40 வயதுக்காரர் ஒருவர் மாரடைப்பில் இறந்து விட்டால் போதும். துட்டி வீட்டு பந்தலிலேயே தீர்ப்பு எழுதி விடுகிறார்கள். "எல்லாம் அந்த ஊசியால வந்த வினைப்பா!"

இறந்தவர் கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாரா என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

வாய்க்கால் பூச்சு பெயர்ந்த கதை

தமிழகத்தின் முதல் கொரோனா பலி 2020 மார்ச் 25-ந்தேதி மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில்தான் நடந்தது. அப்போது இதை நுரையீரல் நோய் என்றே எல்லோரும் நினைத்தோம். அடுத்த மாதமே சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர டாக்டர்கள், ரத்தக்குழாயின் உள்சுவரிலும் இந்த வைரஸ் கைவரிசை காட்டுவதாக எழுதினார்கள்.

ரத்தம் உறையாமல் ஓடவும், குழாய் தேவைக்கு விரிந்து சுருங்கவும் அந்த மெல்லிய உள்சுவர்தான் காரணம். மேலூர் பக்கம் பெரியாறு வாய்க்காலில் சிமெண்ட் பூச்சு பெயர்ந்தால் என்ன ஆகும்? அந்த இடத்தில் குப்பை தங்கும், தண்ணீர் முட்டும். உடம்புக்குள்ளும் ஏறக்குறைய அதே கதைதான்.

அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினர் மத்தியில் கொரோனா வந்த ஒன்றரை லட்சம் பேரை ஓராண்டு கவனித்து, 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். கொரோனா வராதவர்களை விட இவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 63 சதவீதமும், பக்கவாதம் 52 சதவீதமும் அதிகம். அவர்களில் பெரும்பாலோர் வயதான ஆண்கள். அந்த கணக்கை அப்படியே உசிலம்பட்டிக்கு பொருத்த முடியாதுதான்.

பெண்களே, உஷார்!

2025-ல் வெளியான இன்னொரு ஆய்வு 16 நாடுகளில் 2,390 பேரை பரிசோதித்தது. கொரோனா வந்த பெண்களின் ரத்தக்குழாய் விறைத்துப்போய், சுமார் 5 வயது கூடியது போல இருந்ததாம். மூச்சு வாங்குது, அசதியா இருக்குன்னு மாதக்கணக்கில் சொன்ன பெண்களிடம் இது இன்னும் கூடுதல். வீட்டு வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறாள் என்று மருமகளை திட்டிய மாமியார்கள் கவனிக்க!

ஆறுதலான சேதியும் உண்டு. தடுப்பூசி போட்டவர்களுக்கு விறைப்பு குறைவாக இருந்தது. நாளாக நாளாக நிலைமை மோசமாகவும் இல்லை.

அப்ப ஊசி?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாடு முழுக்க 47 ஆஸ்பத்திரிகள் மூலம் ஆய்வு நடத்தியது. 18 முதல் 45 வயதுக்குள், நன்றாக இருந்து திடீரென இறந்த 729 பேரின் விவரங்களை அலசி 2023-ல் முடிவு சொன்னது. தடுப்பூசியால் திடீர் சாவு கூடவில்லை, 2 ஊசி போட்டவர்களுக்கு அபாயம் குறைவு. அபாயம் கூடியது யாருக்கு? கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள், குடும்பத்தில் திடீர் சாவு கண்டவர்கள், சாவதற்கு முந்தைய 2 நாளில் அளவில்லாமல் குடித்தவர்கள், கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்கள்.

கோவிஷீல்டால் ரத்தம் உறைந்த சம்பவங்கள் உண்மை. மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது மிக அரிது, அதுவும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் வருவது. 2021-ல் போட்ட ஊசியை இன்றைய மாரடைப்புக்கு சாட்சி கூப்பிடுவது பொருந்தாது.

சீட்டு எங்கே?

பழியை ஊசி மேல் போட்டு விட்டால், சிகரெட், பி.பி., சுகர் எல்லாம் தப்பித்து விடுகிறதே! ஏற்கனவே அடிபட்ட ரத்தக்குழாயை மேலும் கெடுப்பது இவைதான்.

2021-ல் தொடங்கிய மக்களை தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி., சுகர் பார்க்கிறார்கள். அவர்களிடம், "கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்து ஆக்சிஜன் வைத்தார்கள்" என்று நாமாகவே சொல்லலாம். அன்றைய டிஸ்சார்ஜ் சீட்டு பீரோவில் கிடந்தால் டாக்டரிடம் காட்டலாம். அரசாங்கமும் அந்த பழைய வார்டு பட்டியலை எடுத்து, அவர்களை முதலில் கூப்பிட்டு பரிசோதித்தால் என்ன? பெயரும் முகவரியும் அவர்கள் எழுதியதுதானே.

ஒரு எச்சரிக்கை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை என்று மெடிக்கல் ஷாப்பில் நீங்களே வாங்கி விழுங்காதீர்கள். வயிற்றிலும் மூளையிலும் ரத்தக்கசிவு வரலாம்.

நெஞ்சு இறுக்கினால் கேஸ் டிரபிள் என்று சோடா குடித்து நேரத்தை கடத்த வேண்டாம். உடனே 108-க்கு போன் போடுங்க. 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸ் மாத்திரைகளை கொடுத்து பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.