வளைந்தால்தான் பறக்கும்



தூரமாக எறிவது கடலூருக்குப் புதிய சங்கதி இல்லை. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டிய மன்னர் ராஜாராமிடமிருந்து ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு அவர்கள் சங்கிலியும் அளவுகோலும் கொண்டுவரவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கியைச் சுட்டால் குண்டு எட்டுகிற தூரம் வரை அவர்களுக்கு என்று பேச்சு. அப்படித்தான் கடலூரும் சுற்றுக் கிராமங்களும் அவர்கள் கைக்குப் போயின. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரைக் கேட்டால் இந்தக் கதையைச் சொல்ல இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆங்கிலேயரிடம் வெடிமருந்து இருந்தது. இன்று அதே கரையில் நிற்கும் நம் பிள்ளைகளிடம் இருப்பது ஒரு ராடு, ஒரு ரீல், சுண்டுவிரல் நீளத்தில் லூர் என்கிற ஒரு பொய் மீன். அது எட்ட வேண்டிய இடத்தை எட்ட மாட்டேன் என்கிறது. அதுதான் இப்போது நமக்கு வரும் கடிதங்களில் பெரும் புலம்பல்.

சிதம்பரத்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் நிற்கிறேன். மீன் மேலே வந்து அடிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. என் லூர் பாதி தூரம்கூடப் போவதில்லை. நல்ல பலமான ராடாகப் பார்த்துத்தான் வாங்கினேன். கோளாறு ராடிலா, என் கையிலா?” கடலூர் முதுநகர், கிள்ளை, சாமியார்பேட்டை என்று வேறு ஊர்களிலிருந்தும் இதே கேள்வி வந்திருப்பதால், இந்த மாதம் என் பக்கத்தை அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. ‘பலமான ராடு’ என்கிறாரே, அங்கேதான் சிக்கல். சின்ன வயதில் உண்டிவில் வைத்திருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். லாரி ட்யூபை வெட்டிக் கட்டிய முரட்டு ரப்பரில் புளியங்கொட்டையை வைத்து அடித்தால் எவ்வளவு தூரம் போகும்? ரப்பரை இழுக்கவே முடியாது. இழுபடாத ரப்பர் எதையும் தள்ளாது. ராடும் அப்படித்தான். வீசும்போது லூரின் கனம் ராடைப் பின்னால் வளைக்க வேண்டும். வளைந்த ராடு நிமிரும் வேகத்தில்தான் லூர் பறக்கிறது. 7 கிராம் லூரால் வளைக்க முடியாத ராடு, எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், அந்த லூருக்கு வெறும் கம்புதான்.

7 கிராம் என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். அது சுமார் 7.7 கிராம். “இவ்வளவு லேசானதை எதற்குக் கட்டி மாரடிக்க வேண்டும், கனமானதாகப் போட்டால் என்ன?” என்று கேட்கலாம். கழிமுகத்தில் கொடுவாவும் செப்பிலியும் சின்னப் பாரையும் தின்பது இறாலையும் மடவைக் குஞ்சையும்தான். இரை எந்த அளவில் ஓடுகிறதோ அந்த அளவில் லூர் இருந்தால்தான் மீன் திரும்பிப் பார்க்கும். படகில் போகிறவர் மீன் இருக்கும் இடத்துக்கே போய்விடுவார். கரையில் நிற்கிற நமக்கு, ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் உரசிக்கொள்ளும் அந்த நிறம் மாறுகிற கோட்டைத் தொட வேண்டுமென்றால் வீச்சு ஒன்றுதான் வழி. சின்ன லூர் வேண்டும், அது தூரமும் போக வேண்டும் என்ற இரட்டை நெருக்கடி அங்கேதான் பிறக்கிறது.

இந்த நெருக்கடி வெள்ளைக்காரர் காலத்திலேயே உண்டு. சென்னை மாகாணத்தில் உத்தியோகம் பார்த்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் ‘தி ராட் இன் இந்தியா’ என்று நம் நாட்டுத் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அன்றைய ரீல்களில் நரம்பு சுற்றிய உருளையே சுழல வேண்டும். பறக்கும் லூர்தான் அதை இழுத்துச் சுழற்ற வேண்டும். லேசான லூருக்கு அந்தத் தெம்பு ஏது? 1905-இல் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரத்து நெசவாலைக்காரர் ஆல்ஃபிரெட் இல்லிங்வொர்த் ஒரு புது ரீலுக்குக் காப்புரிமை வாங்கினார். உருளை அசையாமல் நிற்கும். நூல் அதன் விளிம்பில் வழுக்கிக்கொண்டு கழன்று போகும். தறியோடு பழகிய மூளைக்குத் தோன்றிய யோசனை. இன்று முதுநகர்க் கடையில் நாம் வாங்கும் ஸ்பின்னிங் ரீல் அதன் வாரிசுதான். லேசான லூர் வீசுகிறவர்களுக்கு நான் ஸ்பின்னிங் ரீலையே சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

இனி ராடுக்கு வருவோம். தூண்டில் சாமான் கடையில் நின்றுகொண்டிருந்தபோது காதில் விழுந்த பேச்சு இது.

“அண்ணே, நல்லா ஸ்ட்ராங்கான ராடா ஒண்ணு குடுங்க. பெரிய மீன் வந்தாலும் ஒடையக் கூடாது.”

“அது இருக்கட்டும் தம்பி. நீ என்ன எறியப் போற?”

“அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ணே.”

“அப்ப ராடையும் அப்புறமே வாங்கிக்க. மொதல்ல லூர எடுத்துட்டு வா.”

வியாபாரத்தை விட்டுக்கொடுத்துச் சொன்ன அந்த வார்த்தைக்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. கைப்பிடிக்குச் சற்று மேலே ராடின் மீது பொடி எழுத்தில் ஒரு கணக்கு அச்சிட்டிருப்பார்கள். நீளம், எத்தனை கிராம் முதல் எத்தனை கிராம் வரை வீசலாம், என்ன நரம்பு என்று மூன்றும் இருக்கும். விலைச் சீட்டைப் பார்க்கும் முன் அந்த கிராம் கணக்கைப் பாருங்கள். 5–20 கிராம் என்று இருந்தால் 5 கிராமும் போகும், ஆனால் சுகமாகப் போகாது. நடுவையொட்டி, மேல் வரம்பைத் தொடாமல், 10 முதல் 16 கிராம் வரையில்தான் அந்த ராடு முழு மனதோடு வேலை செய்யும். அதனால் நீங்கள் அடிக்கடி எறியும் லூர் 7 கிராம் என்றால் 3–12 கிராம் ராடைத் தேடுங்கள். 12 கிராம் என்றால் 5–20 கிராம் போதும். ‘1–80 கிராம்’ என்று எல்லாவற்றுக்கும் ஒரே ராடு என்று யாராவது காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். வளையங்களின் வழியே நரம்பைக் கோத்து, நீங்கள் எறியப் போகிற லூரையே முனையில் தொங்கவிடுங்கள். ராடைப் படுக்கை வாட்டத்தில் பிடித்து மணிக்கட்டால் லேசாக அசைத்துப் பாருங்கள். நுனி மட்டும் தலையாட்டிவிட்டு நின்றால் அந்த ராடு உங்கள் லூருக்குக் கனம். நுனியில் தொடங்கும் வளைவு மேல்பாகத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இறங்கி, அசைவை நிறுத்தியதும் நடுங்கிக்கொண்டே இருக்காமல் சட்டென்று அடங்கினால் எடுத்துக்கொள்ளலாம். அடி வரைக்கும் துவண்டால் வீச்சு நன்றாக வரும். ஆனால் கொடுவாவின் கெட்டியான வாயில் முள்ளைப் பதிக்கச் சிரமப்படுவீர்கள்.

நீளம் கூடினால் நுனியின் வேகம் கூடும், வேகம் கூடினால் தூரம் கூடும். கணக்கு சரிதான். ஆனால் நீளத்தோடு கனமும் கூடுகிறது, காற்றும் தடுக்கிறது. மாலை முழுக்க வீசுகிற கை சோர்ந்துபோனால் பத்தடி ராடு எட்டடி ராடைவிடக் குறைந்த தூரமே எறியும். லேசான லூருக்கு எட்டிலிருந்து ஒன்பது அடி, கூடவே இரண்டு கையாலும் பிடிக்க வசதியாக நீண்ட கைப்பிடி. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். பொருளைப் பொறுத்தவரை, கண்ணாடியிழை ராடு அடி உதை தாங்கும், விலையும் குறைவு; ஆனால் மெதுவாகத்தான் நிமிரும். கார்பன் ராடு லேசானது, விரைவாக நிமிரும். பாறையில் ஒரு தடவை நன்றாக மோதினால் மறுநாள் வீச்சில் முறியும். தூரம் வேண்டுமென்றால் கார்பன்தான்.

ராடுக்குச் செய்த செலவு வீணாகாமல் இருக்க நரம்பையும் கவனிக்க வேண்டும். தடித்த தங்கூசியை (ஒற்றை இழை நைலான் நரம்பு) போட்டு 7 கிராமை எறிந்தால், லூரின் தெம்பில் பாதியை நரம்பே தின்றுவிடும். பின்னல் நரம்பில் 0.8 அல்லது 1 எண் போதும். 1 எண் என்பது சுமார் 0.165 மில்லிமீட்டர், அதே பலமுள்ள தங்கூசி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தடிமன் இருக்கும். கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல் அறுக்கும் என்பதால், முனையில் மட்டும் தடித்த நரம்பு ஒரு முழம் இரண்டு முழம் இருக்கட்டும். அந்த முடிச்சு வளையத்தில் இடறாமல் சின்னதாக இருக்கட்டும். ரீல் 2500 அல்லது 3000 அளவு. உருளையின் விளிம்புக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நரம்பு நிறைந்திருக்க வேண்டும். குறைவாகச் சுற்றினால் நரம்பு விளிம்பில் உரசி வேகம் போகும். வழிய வழியச் சுற்றினால் வாரிச் சிக்கிக்கொள்ளும்.

லூரிலும் விஷயம் இருக்கிறது. ஒரே 10 கிராமில் தகட்டு ஸ்பூன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். அகன்ற நாக்கு வைத்த பிளாஸ்டிக் மீன் நடுவானில் குட்டிக்கரணம் போட்டு விழும். வயிற்றுக்குள் உலோகக் குண்டு வைத்து, வீசும்போது அது வாலுக்கு ஓடி, தண்ணீரில் விழுந்ததும் முன்னால் திரும்பும்படி செய்த லூர்கள் கிடைக்கின்றன. புது ராடு வாங்கப் பணம் இல்லாதவர்கள் முதலில் லூரை மாற்றிப் பாருங்கள்.

இடத்துக்கு இடம் கணக்கு மாறும். தேவனாம்பட்டினம், சாமியார்பேட்டை போன்ற திறந்த கரைகளில் அலையைத் தாண்ட வேண்டும். ஒன்பது அடி, 10–30 கிராம் ராடு, தகட்டு லூர். கெடிலமும் உப்பனாறும் கடல் சேரும் முதுநகர் முகத்துவாரத்திலும் வெள்ளாற்று முகத்துவாரத்திலும் எட்டரை அடி. கொள்ளிடக் கரையின் வாய்க்கால்களில் விராலுக்குத் தவளை லூர் எறிகிறவர்களுக்குத் தூரத்தைவிடத் தாமரைக் கொடிக்குள்ளிருந்து மீனைப் பிடுங்கி எடுப்பதுதான் பாடு. ஏழடியில் இடுப்பு கெட்டியான ராடு வேண்டும். வீராணம் போன்ற ஏரிகளில் மீன் பாசி உரிமை யாரிடம் என்று கேட்டுக்கொண்டு இறங்குங்கள். பிச்சாவரத்து அலையாத்திக் கால்வாய்களில் நீண்ட ராடுக்கு இடமே இல்லை. அதற்கும் மேலாக அது காப்புக்காடு, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தூண்டில் எடுக்க வேண்டாம்.

காற்றையும் நேரத்தையும் பாருங்கள். விடியலில் கரைக்காற்று முதுகில் இருக்கும்போது சற்று உயர எறியுங்கள். பிற்பகலில் கடற்காற்று முகத்தில் அடிக்கும்போது தாழ எறியுங்கள். முழு பலத்தோடு வீசுவதைவிட, மெதுவாகத் தொடங்கி முடிவில் வேகம் கூட்டுவதில்தான் ராடு நன்றாக வளையும்.

மூத்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மேலே மின்கம்பி போகும் இடத்தில் ராடை நிமிர்த்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி கேட்டால் ராடைக் கீழே வைத்துவிட்டுக் கரையேறுங்கள். வீசும் முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். முகத்துவாரத்தில் வீச்சு வலைக்காரரும் படகுக்காரரும் பிழைப்புக்காக வருகிறார்கள், நாம் பொழுதுபோக்குக்காக. வழி விடவேண்டியது நாம்தான். அறுந்த நரம்பைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். பறவையின் காலிலும் ஆமையின் கழுத்திலும் அது சுற்றக் கூடாது. கொடுவா ஆணாக வளர்ந்து, வயது ஏறியபின் பெண்ணாக மாறும் மீன். உங்கள் கையில் சிக்கும் மிகப் பெரிய கொடுவா பெரும்பாலும் முட்டை சுமக்கும் தாய். படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுங்கள். சோற்றுக்கு நடுத்தர மீன் போதும்.

சிதம்பரத்து அன்பருக்கு: உங்கள் கையிலும் கோளாறு இல்லை, ராடிலும் இல்லை. வெள்ளாற்றுக்கு எட்டரை அடியில் 5–20 கிராம் கார்பன் ராடு ஒன்று, 1 எண் பின்னல் நரம்பு, 10 முதல் 14 கிராமில் இரண்டு மூன்று லூர் என்று வாங்குங்கள். இருக்கிற முரட்டு ராடை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டாம். அதன் கைப்பிடிக்கு மேலே எழுதியிருக்கும் கிராமைப் படித்து, அந்தக் கனத்தில் ஓர் உலோக ஜிக் லூர் கட்டி, ஒரு நாள் சாமியார்பேட்டைக் கரையில் வீசிப் பாருங்கள். எவ்வளவு தூரம் போயிற்று என்று எழுதுங்கள். மற்றவர்களும் உங்கள் ராடின் கிராம் கணக்கு, லூரின் கனம், நிற்கும் இடம் மூன்றையும் குறிப்பிட்டு எழுதினால், அடுத்த இதழில் ஊர்வாரியாகத் தொகுத்துப் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்