மாட்டுக்குக் கோடு கீறின தளம், அப்பத்தாவுக்கு வழுக்குற டைல்ஸா?

மாட்டுக் கொட்டகைக்கு சிமெண்ட் தளம் போடும்போது கொத்தனார்கிட்ட நாம என்ன சொல்றோம்? "மேல வழவழன்னு பூசிடாதீங்க, குறுக்க நெடுக்கக் கோடு கீறி விடுங்க, மாடு வழுக்கி விழுந்தா எந்திரிக்காது"ன்னு சொல்றோம். தண்ணி தேங்காம வாட்டம் இருக்கான்னு நின்னு பார்க்கிறோம். அதே கொத்தனார் வீட்டு பாத்ரூமுக்கு வந்தா மட்டும், மூஞ்சி தெரியிற மாதிரி மின்னுற டைல்ஸ் கேக்குறோம். அதுல சோப்புத் தண்ணியோட நிக்கப்போறது எழுபது வயசு அப்பத்தா.

அப்புறம் ஒருநாள் அவங்க விழுந்துட்டா, "வயசாச்சுல்ல, விழத்தான் செய்வாங்க"ன்னு ஒரு பேச்சு. எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே கோபம் வருது. வரப்புல நடந்து, வாய்க்கா தாண்டி, சேத்துல நின்னு நடவு நட்டவங்க அவங்க. அம்புட்டு வருசம் விழாத ஆளு ஆறடிக்கு நாலடி ரூமுக்குள்ள விழுறாங்கன்னா, குத்தம் வயசு மேல மட்டுமா? ரூமைக் கட்டினவங்க மேலயும் இருக்கு.

குனிஞ்சு குனிஞ்சு களை பறிச்ச முட்டிக்கு, குத்தவச்சு உக்கார்ற கக்கூஸ் எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க. உக்காந்துடலாம், எந்திரிக்கிறதுதான் பாடு. பிடிக்க ஒண்ணும் இல்லாம தண்ணிக் குழாயைப் பிடிச்சு எந்திரிக்கிறாங்க. குழாய் ஆள் பாரம் தாங்குறதுக்கா வச்சது? துண்டு போடுற கம்பியும் அப்படித்தான். ரெண்டு ஸ்குரூல நிக்கிற கம்பி, அவசரத்துக்குப் பிடிச்சா கையோட வந்துடும்.

இதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. ராத்திரி இருட்டுல கொல்லைக்குப் போகணுமேன்னு பயந்து, பொழுது சாஞ்சா தண்ணியே குடிக்காத கிழவிக நம்ம தெருவுலயே உண்டு. தண்ணி குடிக்காட்டி நீர்க்கடுப்பு வரும், தலை சுத்தும். தலை சுத்தினா விழுவாங்க. எதுக்குப் பயந்தாங்களோ அதுவே நடக்கும். இடுப்பெலும்பு முறிஞ்சா ஆபரேஷன், படுக்கை, படுக்கைப்புண். கடைசியில யார் பார்த்துக்கிறதுன்னு பிள்ளைகளுக்குள்ள சண்டை.

தூய்மை பாரத இயக்கத்துல வீட்டுக்கு 12,000 ரூபாய் கொடுத்துக் கக்கூஸ் கட்டச் சொன்னாங்க. நல்ல காரியம்தான். ஆனா அந்தக் காசுல ஊருல பல பேர் கட்டினது ஒரு ஆள் நுழையிற கூண்டு. வாசல்ல ஒரு படி, உள்ள ஒரு படி. கைத்தடி ஊன்றவே இடமில்லாத இடத்துல வாக்கர் எங்க நுழையும்? 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்குன்னு சொல்வீங்க. அதை வச்சு ஆபீசுலயும் பஸ் ஸ்டாண்டுலயும் கேள்வி கேக்கலாம். நம்ம வீட்டு பாத்ரூமை அளக்க எந்த அதிகாரியும் வரமாட்டாரு. அதை நாமதான் செய்யணும்.

"காசு இல்லப்பா"ன்னு சொல்றவங்க, வீட்டு முகப்புக்கும் தூணுக்கும் எவ்வளவு செலவு பண்ணாங்கன்னு ஒரு தடவை கூட்டிப் பார்க்கட்டும். இதுக்குப் பெரிய காசெல்லாம் வேண்டாம். புதுசாக் கட்டினா சொரசொரப்பு டைல்ஸ் போடுங்க, இல்லேன்னா கொட்டகைக்குப் போட்ட மாதிரி கீறின சிமெண்ட் தளமே போதும். வாசல் மூணடி அகலம் இருக்கட்டும், படி வேண்டாம், தண்ணி வெளிய வராம வாட்டத்தை உள்பக்கம் கொடுங்க. கதவு வெளிப்பக்கம் திறக்கணும். உள்ள ஆள் விழுந்து கதவை அடைச்சுக்கிட்டா, உள்பக்கம் திறக்கிற கதவைத் தள்ளவே முடியாது.

கைப்பிடிக்கு ஒரு இஞ்சு இரும்புக் குழாய், வெல்டிங் பட்டறையில சொன்னா அடிச்சுக் கொடுப்பாங்க. தரையிலிருந்து ரெண்டரை அடி உயரத்துல, டைல்ஸோட நிக்காம செங்கல் வரைக்கும் துளை போட்டு போல்ட் முடுக்கணும். மாட்டினதும் வீட்டுலயே கனமான ஆள் தொங்கிப் பார்க்கணும். குளிக்க ஆடாத ஸ்டூல் ஒண்ணு, சொம்பும் சோப்பும் உக்காந்தபடியே எட்டுற உயரத்துல. லைட் சுவிட்ச் வாசலுக்கு வெளிய.

"அப்பாவுக்கு வெஸ்டர்ன் பிடிக்காது"ன்னு ஒரு சாக்கு. பழைய கக்கூஸை உடைக்கவே வேண்டாம். நடுவுல ஓட்டை உள்ள நாற்காலி மெடிக்கல் சாமான் கடையில கிடைக்குது. அதை மேல தூக்கி வச்சா முடிஞ்சுது. ஆனா அவருகிட்ட கேட்டுட்டுச் செய்யுங்க. கக்கூஸ் போறதுக்கு இன்னொருத்தர் தோளைப் பிடிக்கிறது அவருக்கு எவ்வளவு கூச்சம்னு அவருக்குத்தான் தெரியும்.

"வீட்டுல வயசானவங்களே இல்லை, எங்களுக்கு எதுக்கு"ன்னு கேக்குறவங்களுக்கும் சொல்றேன். பைக்குல விழுந்து கால்ல மாவுக்கட்டு போட்டவனுக்கும், நிறைமாசப் பொண்ணுக்கும் இதே பிடி வேணும். நமக்கும் முட்டி தேயாமலா இருக்கப்போகுது?

இன்னைக்கே உங்க பாத்ரூமுக்குள்ள போய், ஒரு காலைத் தூக்கிக்கிட்டு உக்காந்து எந்திரிச்சுப் பாருங்க. கை தானா எங்க போகுதுன்னு கவனிங்க. அந்த இடத்துலதான் பிடி வேணும். பென்சிலால ஒரு குறி போட்டுட்டு, கொத்தனாருக்கு போன் பண்ணுங்க.