ஒரு மடக்குத் தண்ணீருக்கு ஒரு குறிப்பாணை

மதிப்பிற்குரிய மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு,

மூன்று மனு கொடுத்தேன், மூன்றிலும் மருத்துவச் சான்றை இணைத்தேன். பதில் இல்லை. அதனால்தான் ஊரறிய எழுதுகிறேன்.

எனக்கு ஷோக்ரென் நோய். உடம்பின் எதிர்ப்பாற்றலே உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கி வற்றச் செய்துவிடும். பெரும்பாலும் பெண்களுக்கு வருவது.

சென்ற மார்ச்சில் பிளஸ் டூ இயற்பியல் தேர்வு. 10 மணி முதல் 1.15 வரை எனக்கு அறைக் கண்காணிப்பு. ஜன்னல் திண்டில் வைத்திருந்த என் சின்ன பாட்டிலை உங்கள் பறக்கும் படை அலுவலர் எடுத்துப்போய் வராந்தாவில் வைத்தார். "காலையிலயே ஒரு லிட்டர் குடிச்சிட்டு வர வேண்டியதுதானே, டீச்சர்?" என்றார், பிள்ளைகள் முன்னால்.

ஐயா, ஒரு லிட்டர் குடித்தால் வயிறு நிறையும், கொஞ்ச நேரத்தில் சிறுநீர் முட்டும். வாய் நனைவது விழுங்குகிற அந்த நிமிடம் மட்டும்தான். எச்சிலின் வழவழப்பு தண்ணீருக்குக் கிடையாது. மடமடவென்று குடித்தால் மிச்சமிருக்கும் வழவழப்பையும் அது கழுவிக்கொண்டு போய்விடும். என் மருத்துவர் சொன்னது இதுதான்: தாகத்துக்கு எல்லோரையும் போலக் குடியுங்கள், வாய்க்கு, பத்து நிமிடத்துக்கு ஒரு மடக்கு, சற்று வாயில் வைத்திருந்து விழுங்குங்கள். எவ்வளவு என்பதைவிட எத்தனை தடவை என்பதே என் கணக்கு. நல்ல உடம்பில் நாளெல்லாம் தானாக ஊறுவதை நான் பாட்டிலில் சுமக்கிறேன். எச்சில் இல்லாமல் ஈறோரம் அரித்து ஆறு பல் போய்விட்டது எனக்கு.

பதினொன்றரைக்கு ஒரு மாணவி கூடுதல் தாள் கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்தேன். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. உதடு வெடித்து ரத்தம் கசிந்தது. அந்தப் பிள்ளை பேனாவைக் கீழே வைத்துவிட்டு, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். ஒரு மடக்கு குடித்தேன்.

அதற்கு உங்கள் கையெழுத்தோடு குறிப்பாணை: "தேர்வரின் கவனத்தைச் சிதறடித்தமைக்கு விளக்கம் தருக."

தருகிறேன். என் பாட்டில் என் பக்கத்தில் இருந்திருந்தால் அவள் பேனாவைக் கீழே வைத்திருக்க மாட்டாள். அவள் இழந்த நிமிடத்துக்கு யார் பொறுப்பு? நோயாளியின் தண்ணீரைப் பிடுங்கியவரிடம் விளக்கம் கேட்டீர்களா? அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். கண் எரிந்ததே தவிர ஒரு சொட்டு வரவில்லை. அழக்கூட விடாத நோய் இது.

கருணை கேட்கவில்லை. குறிப்பாணையைக் கிழித்துப் போடுங்கள். மனசு வரவில்லையென்றால், இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடக்கிக்கொண்டு பத்திலிருந்து ஒன்றேகால் வரை ஒரு தேர்வு அறையில் நின்று பாருங்கள். பிறகு அந்தக் கையெழுத்தைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியை