கயிற்றின் மேல் ஒரு தேசம்

என் நாவல் ஒன்றை மொழிபெயர்த்து வெளியிட விரும்பிய மேல்நாட்டுப் பதிப்பாளர் ஒருவர் எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவு பாங்கில் கணக்கெழுதும் குமாஸ்தாவைப் பற்றிய நாவல் அது. மகளின் கல்யாணத்துக்காக அவன் பட்ட கடனும், அந்தக் கடனை மனைவியிடமிருந்து மறைக்க அவன் சொன்ன பொய்களும்தான் கதை. கடிதத்தில் பாராட்டு நிறைய இருந்தது. கடைசியில் ஒரு சின்ன வேண்டுகோள்: "உங்கள் நாவலில் இந்தியா போதவில்லை. ஏழாவது அத்தியாயத்தில் வரும் கோயில் திருவிழாவைச் சற்று விரிவாக எழுத முடியுமா? யானை வருவதுண்டு அல்லவா?"

இந்தியா போதவில்லையாம்! கும்பகோணத்தில் பிறந்து, கும்பகோணத்தில் கடன்பட்டு, கும்பகோணத்துக் கடைத்தெருவில் கடன்காரனுக்குப் பயந்து சந்து மாறிப் போகிறவன் இந்தியாவில் இல்லாமல் வேறு எந்தத் தேசத்தில் இருக்கிறான்?

பதிப்பாளர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் வியாபாரி, தம் கடைக்கு வருகிறவர்களின் ருசி அவருக்குத் தெரியும். என் கோபமெல்லாம் இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு என் நண்பர் ஒருவர் சொன்ன வார்த்தையின் மீதுதான். "என்னய்யா இது, ஒரு யானையைச் சேர்த்துவிட்டால் குடியா முழுகிவிடும்? அவன் கேட்கிறான், நாம் கொடுக்கிறோம். புத்தகம் வெளிவரட்டும்!" என்றார் அவர். குடி முழுகும் என்றுதான் நான் சொல்கிறேன். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய விஷயத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

'இந்தியக் கயிற்று வித்தை' என்று உலகமெல்லாம் பேசப்பட்ட ஒன்று உண்டு. பக்கிரி ஒருவன் கயிற்றை வானத்தில் வீசுகிறான். கயிறு கம்பமாக நிற்கிறது. ஒரு பையன் அதைப் பிடித்து ஏறி, உச்சிக்குப் போய் மறைந்துவிடுகிறான். இதை எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. உங்கள் தெருவிலும் பார்த்திருக்க மாட்டீர்கள். பின்னே இந்த வித்தை எங்கே பிறந்தது? சிகாகோவில்!

1890 ஆகஸ்ட் 8ஆம் தேதி 'சிகாகோ டிரிப்யூன்' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்க இளைஞர் இருவர் இந்தியாவில் இந்த வித்தையை நேரில் கண்டார்களாம். ஒருவர் படம் வரைந்தார், மற்றவர் புகைப்படம் எடுத்தார். வரைந்த படத்தில் கயிறும் பையனும் இருந்தன. புகைப்படத்தில் பக்கிரி மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தான். ஆகவே கூட்டம் முழுவதையும் அவன் மயக்கிவிட்டான் என்பது கட்டுரையின் முடிவு. புகைப்படக்காரரின் பெயர் எஸ். எல்மோர். சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் 'அதிகம் விற்க' என்று பொருள் வரும்! நான்கு மாதம் கழித்து அந்தப் பத்திரிகையே, எல்லாம் கட்டுக்கதை என்று ஒப்புக்கொண்டது. எழுதியவர் ஜான் வில்கி என்ற பத்திரிகையாளர். பிற்பாடு 1898இல் அமெரிக்க ரகசிய போலீஸ் இலாகாவுக்கே தலைவரானார். நல்ல தகுதிதான்.

பழைய பிரயாண நூல்களில் இதுபோன்ற கதைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததுண்டு. 14ஆம் நூற்றாண்டில் இபின் பதூதா எழுதிவைத்ததும் அவற்றில் ஒன்று. ஆனால் அவர் அதைப் பார்த்ததாகச் சொன்னது சீனத்தில். இந்தியாவின் தலையில் இந்தக் கயிற்றைக் கட்டி உலகப் பிரசித்தமாக்கிய பெருமை சிகாகோவையே சேரும். எடின்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் லமான்ட் 2004இல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், மறுப்பை யாரும் படிக்கவில்லை. பொய் கப்பலேறிப் போய்விட்டது; மெய் துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. 'நானும் பார்த்தேன்' என்று சாட்சி சொல்லவும் ஆட்கள் புறப்பட்டார்கள். 1930களில் லண்டன் மாஜிக் வித்தைக்காரர்களின் சங்கம், செய்து காட்டுகிறவருக்கு 500 கினி தருவதாக அறிவித்தது. அந்தப் பரிசை வென்றவர் எவரும் இல்லை.

ஏன் நம்பினார்கள்? சிகாகோ அப்போது தண்டவாளங்களும் இறைச்சித் தொழிற்சாலைகளும் புகையும் நிறைந்த நகரம். மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் வேலைக்கு ஓடுகிறவனுக்கு, மணியே அடிக்காத ஒரு தேசம் எங்கேயாவது இருந்தாக வேண்டியிருந்தது. அந்தத் தேசத்துக்கு இந்தியா என்று பெயர் வைத்துக்கொண்டான். விசித்திரம் நம் மண்ணில் இல்லை. அவனுடைய களைப்பில் இருந்தது.

சரி, அதனால் நமக்கென்ன நஷ்டம்? அதே 1890இல் இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். சென்னை ராயபுரத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கி 34 வருஷம் ஆகியிருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வயது 33. காங்கிரஸ் மகாசபை பிறந்து ஐந்து வருஷம். எங்களுக்கும் சட்டசபையில் இடம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தது. பக்கிரியும் கயிறும் உலகைச் சுற்றி வந்ததைப் போல் அந்தக் கோரிக்கை சுற்றி வந்ததா? கயிற்றில் ஏறி மறைகிற பையனுக்குச் சட்டசபை எதற்கு? விசித்திரமான ஜனங்களை வேடிக்கை பார்க்கலாம், படம் பிடிக்கலாம், ஆளலாம். அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. நஷ்டம் அதுதான், நண்பரே!

"அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம். இப்போது நாமாகவே வேஷம் போட்டால் நமக்குத்தானே பணம்?" என்பது நண்பரின் அடுத்த வாதம். மெக்ஸிகோவில் நடந்ததைச் சொல்கிறேன். இறந்தவர்களை நினைத்து வீட்டில் படையலிட்டு, கல்லறையில் பூவும் விளக்கும் வைத்து இரவெல்லாம் கண்விழிப்பது அவர்களுடைய வழக்கம். 2015இல் ஒரு ஜேம்ஸ் பாண்ட் சினிமா, மெக்ஸிகோ நகரத் தெருக்களில் மண்டையோட்டு முகமூடிகளோடு பிரம்மாண்டமான ஊர்வலம் ஒன்று போவதாகக் காட்டியது. அப்படி ஓர் ஊர்வலம் அந்த நகரத்தில் நடந்ததே இல்லை. ஆனால் சினிமாவைப் பார்த்தவர்கள் அதைத் தேடிக்கொண்டு வருவார்களே! 2016இல் நகரமே அந்த ஊர்வலத்தை நடத்தத் தொடங்கியது. அடுத்த தலைமுறைக் குழந்தை எதைத் தன் பாட்டனார் வழக்கம் என்று நம்பும்?

வயிற்றுப்பாட்டுக்காக ஹோட்டல் முற்றத்தில் பொய்க்கால் குதிரை ஆடுகிறவனை நான் குறை சொல்லவில்லை. அவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். எனக்கு என்ன வந்தது? மூன்று வேளைச் சாப்பாடு கிடைக்கிறது. நான் யானையைச் சேர்த்தால் அந்தக் குமாஸ்தாவின் துயரத்தை யானை மறைத்துக்கொள்ளும். அவனைப் பார்ப்பதற்காகத்தானே நான் கதையே எழுதினேன்!

இவ்வளவும் எழுதிவிட்டுப் பேனாவை மூடியிருந்தால் என் கௌரவத்துக்கு நல்லது. ஆனால் மனச்சாட்சி விடவில்லை. பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் ஒரு மலையாள மாந்திரீகர் வருவார். சிவந்த கண், கறுப்பு மை, நள்ளிரவுப் பூஜை எல்லாம் உண்டு. நான் அப்போது செங்கோட்டைக் கணவாயைத் தாண்டியதே இல்லை. கதை முடிந்த பிறகு புனலூரிலிருந்து தமிழ் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒரு கார்டு போட்டார்: "ஐயா, எங்கள் தெருவில் மாந்திரீகர் எவரும் இல்லை. வாசகசாலை இரண்டு இருக்கிறது. ஒரு முறை வந்து பார்க்க வேண்டுகிறேன்."

அவ்வளவுதான் கடிதம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிகாகோக்காரனுக்காவது நடுவில் சமுத்திரம் இருந்தது. எனக்கு இருந்தது ஒரு மலை. ரயிலில் சில மணி நேரம். பி. என். பணிக்கர் 1945இல் தொடங்கி ஊர் ஊராகக் கட்டி வளர்த்த நூலக இயக்கம் அந்த மலைக்கு அப்பால்தான் இருந்தது. அது என் கண்ணில் படவில்லை, மைக்கிண்ணம் பட்டது. எனக்கும் ஒரு கயிறு தேவைப்பட்டிருக்கிறது.

மேல்நாட்டுப் பதிப்பாளருக்கு, யானையைச் சேர்ப்பதற்கில்லை என்று எழுதிவிட்டேன். நாவல் அங்கே வெளிவரவில்லை. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

அந்தத் தொடர்கதை இப்போது மறுபதிப்புக்குப் போகிறது. மாந்திரீகரை எடுத்துவிட்டு அந்த அத்தியாயத்தைத் திருத்தித் தருகிறேன் என்று இங்குள்ள பதிப்பாளரிடம் சொன்னேன். அவர் தயங்கினார். "வேண்டாம் சார், அவர்தான் கதைக்கே ருசி. வாசகர்கள் எதிர்பார்ப்பார்கள்" என்கிறார்.

எதிர்பார்க்கிறீர்களா? இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.