மானும் ரவையும்

சென்ற கிழமை மாரீசன் வதைப் படலம் பாடஞ் சொல்லிக்கொண்டிருந்தேன். மாயமான் இராமனது அம்பொன்றினால் வீழ்ந்த இடம். மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, இக்காலத்து வேட்டைக்காரர் மானுக்கு எந்த ரவையைத் தெரிவர்?” என்றான். வகுப்புச் சிரித்தது; யானுஞ் சிரித்தேன். ஆயினும் அவ்வினா என்னை விட்டபாடில்லை. துவக்கைத் தொட்டறியாத யான் அதுபற்றிச் சில நாள் படித்தேன். படிக்கப் படிக்க அஃது அறத்தைப்பற்றிய வினாவே எனத் தெளிந்தேன்.

உடலிற் பட்டதும் விரியும் ரவை ஒருவகை. விரியாது ஊடுருவிச் செல்வது மற்றொருவகை. கல்கத்தாவுக்கு அணித்தாகிய டம்டம் என்னும் ஊரிலே முன்னர்ச் செய்யப்பட்ட விரியும் ரவை, அவ்வூர்ப் பெயராலேயே உலகறிந்தது. 1899 இல் ஹேக் நகரிற் கூடிய நாடுகள், போரில் அத்தகைய ரவையை வழங்கலாகாது என்று பிரகடனஞ் செய்தன. ஸ்கொட்லாந்தின் சட்டமோ, மானைச் சுடும் றைபிள் ரவை விரிவதாகவே இருத்தல் வேண்டும் என்கின்றது.

மனிதனுக்கு விலக்கியதை மானுக்கு விதிப்பது முரணன்றோ எனலாம். முரணன்று. போர்வீரன் களத்தினின்று நீங்கினாற் போதும். காயம்பட்டவனுக்கு வைத்தியன் உளன். காயம்பட்ட மானுக்கு யார் உளர்? விரியாத ரவை துளைத்துச் சென்றால், அது காட்டினுள் ஓடி நெடுநேரம் துடித்து மாளும். மென்முனை ரவைக்குப் பெயர் மென்மை, செயல் வன்மை. ஆயினும் விரைந்து முடிப்பதனால் அவ்வன்மையே இரக்கமாகின்றது.

இனி, ஈயமோ செம்போ என்பது அடுத்த வினா. ஈய ரவை உடலினுள் நுண்டுகளாய்ச் சிதறும். வேட்டையர் எறிந்த குடலையுண்ணும் பறவைக்கு அத்துகள் நஞ்சு. கலிபோர்ணியாவின் கொண்டோர் என்னும் பெருங்கழுகு 1982 இல் இருபத்திரண்டே எஞ்சியது. அதன் அழிவுக்கு ஈயமும் ஒரு காரணம். அம்மாநிலம் 2013 இற் சட்டமியற்றி, 2019 யூலை முதலாந் திகதி முதல் வேட்டையில் ஈயத்தை முற்றாக விலக்கிற்று. செம்பு ரவை இதழ்போல விரியினும் பெரும்பாலும் சிதறாது. செம்பு ஈயத்தினும் இலேசானது. அதனாலன்றோ ஸ்கொட்லாந்து, பெரிய மான்களுக்கான ரவையின் குறைந்த நிறையை 2023 இல் 100 கிறெயினிலிருந்து 80 கிறெயினாகக் குறைத்தது.

“கொலையே பாவம்; அதற்குள் நல்ல ரவை ஏது?” என்பர் எம்மவர். யானும் புலால் உண்ணாதவனே. ஆயினும் ஓநாய் அற்றுப்போன அந்நாட்டில், பெருகிய மான்கள் இளமரங்களை மேய்ந்து காட்டை வளரவிடா. அங்கே சுடுதல் நிகழ்ந்தே தீரும். தீரும் என்றபின், எங்ஙனம் என்பதை ஆராயாது கண்ணை மூடிக்கொள்வது அறமாகுமா? செம்பு ரவை விலை மிகுந்தது என்பாருமுளர். ஓர் உயிரைக் கவர்வோன் அச்சிறு செலவுக்கு அஞ்சுதல் அழகன்று.

ஆதலின் என் துணிபு இது: விரியும் செம்பு ரவையைத் தெரிக, தெரிந்தபின்னும் குறி தெளியாவிடின் விசையைத் தொடாது விடுக. ஓசையை மட்டும் நம்பி அம்பெய்த தசரதன் கதையை யாம் வகுப்பிலே சொல்வது எதற்காக?

நாளை அம்மாணவனுக்கு இவ்விடையைச் சொல்லப்போகின்றேன். சிரித்தவர்களும் கேட்பார்களாக.